மலையில் மூன்று குட்டி கிரிட்டுகளைச் சேர்த்து ஓட்டுவது எப்படி

சோலார் போட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கேபிளை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போன் செய்பவர்கள்தான் அதிகம். கேபிள் இழுப்பது வேலையில் கால்வாசி. சாயங்காலம் ஆறு மணிக்கு யார் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும், பற்றாக்குறை வந்தால் யாருடைய மோட்டார் முதலில் நிற்க வேண்டும் என்று பேசி முடிப்பதுதான் மீதி முக்கால்வாசி. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் மூன்று இடங்களை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் குட்டி மின்வலை, அதாவது குட்டி கிரிட்டு. உங்கள் கணக்கு வேறாக இருக்கும், வழி இதேதான்.

முதல் இடம் ஒரு காப்பி எஸ்டேட். ஓடையில் சின்ன டர்பைன், 3 எச்.பி. பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரம்), பேட்டரி கிடையாது. இரண்டாவது, முப்பது வீட்டுக் குடியிருப்பு. 10 கிலோவாட் பேனல், 30 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி. மூன்றாவது, பெண் பிள்ளைகள் விடுதி. 6 கிலோவாட் பேனல், 48 வோல்ட் 600 ஆம்பியர்-அவர் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி. எஸ்டேட்டுக்கும் குடியிருப்புக்கும் 900 மீட்டர், அங்கிருந்து விடுதிக்கு 400.

சேர்ப்பதால் லாபம் உண்டா, முதலில் பாருங்கள்

மூன்று இடத்திலும் சோலார் மட்டும்தான் என்றால் சேர்ப்பதால் பெரிய லாபமில்லை. ஒரே மேகம்தான் மூன்றையும் மூடும். ஒன்று வற்றும் காலத்தில் இன்னொன்று சுரக்க வேண்டும். எங்களுக்கு அந்த யோகம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பேனல் தூங்கும், ஓடை பெருகும். பங்குனி, சித்திரையில் ஓடை நூலாகும், பேனல் பொழியும்.

ஓடையை அளக்க மீட்டர் தேவையில்லை. குழாய்த் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் விடுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 20 லிட்டர். விநாடிக்கு இத்தனை லிட்டர், அதை இறங்கும் உயரத்தால் பெருக்கி, அதையும் 9.81ஆல் பெருக்கினால் வாட் வரும். அதில் சின்ன டர்பைனுக்குப் பாதிக்குச் சற்று மேலேதான் கைக்கு வரும். எங்களுக்கு 30 மீட்டர் இறக்கம். 20 × 30 × 9.81 × 0.55, அதாவது 3.2 கிலோவாட். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் ராத்திரி பகல் ஓடுவதால் நாளுக்கு 75 யூனிட்டுக்கு மேல் வருகிறது. 10 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் 40 யூனிட் தந்தாலே அதிகம், கார்த்திகை மூட்டத்தில் 10 தருவதும் சிரமம். அதே ஓடை சித்திரையில் விநாடிக்கு 4 லிட்டராகும்போது அரை கிலோவாட் வந்தால் புண்ணியம்.

ஆகவே திட்டம் போடும் முன் மழைக்காலத்தில் இரண்டு வாரம், கோடையில் இரண்டு வாரம், மணிவாரியாக உற்பத்தியையும் செலவையும் எழுதுங்கள். ஒரே ஒரு மாதத்துக் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் வாங்காதீர்கள்.

இணைப்புக் கம்பி

25 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 1.2 ஓம். எஸ்டேட்டிலிருந்து குடியிருப்புக்கு 3 கிலோவாட்டை ஒற்றை ஃபேஸில், 230 வோல்ட்டில் அனுப்பினால் 13 ஆம்பியர் ஓடும். போக வர 1.8 கிலோமீட்டர், தடை 2.16 ஓம். 28 வோல்ட் வழியிலேயே விழும், 365 வாட் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். நூற்றுக்குப் பன்னிரண்டு. அதே தடிமனில் மூன்று ஃபேஸ், 415 வோல்ட் என்றால் ஒரு கம்பியில் 4.2 ஆம்பியர்தான். இழப்பு 56 வாட், நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கூடுதல் கம்பிக்குக் கொடுக்கும் பணத்தை யோசிக்காதீர்கள்.

கேபிள் ஏபி கேபிளாக (உறை போட்டு முறுக்கி, கம்பத்தில் தொங்கவிடும் வகை) இருக்கட்டும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் காற்றில் ஆடி வெறுங்கம்பியில் உரசினால் மழைக்காலம் முழுவதும் டிரிப்தான். கம்பங்களை ஓடைக்கரை மேய்ச்சல் தடத்தில் நடாதீர்கள். காட்டுமாடு முதுகு சொறிய அதைவிட வசதியான இடம் வேறில்லை. மண்ணுக்கடியில் புதைப்பது நல்லதுதான், பாறை விட்டால். வழியில் வனத்துறை நிலம் ஒரு அடி குறுக்கே வந்தாலும் முதலில் அனுமதி, பிறகு கடப்பாரை.

தனியாக நிற்கத் தெரிய வேண்டும்

மூன்றும் கம்பியை அறுத்துக்கொண்டு தனித்தனியே ஓடுமா என்பதுதான் முதல் சோதனை. குடியிருப்பிலும் விடுதியிலும் உள்ள பேட்டரி இன்வெர்ட்டர் தானாகவே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். இருக்கிற கரண்டைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் சோலார் இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால் அந்த இடம் தனியாக நிற்காது. எஸ்டேட்டில் அந்த வேலையை டர்பைனின் லோடு கன்ட்ரோலர் செய்கிறது. மிஞ்சும் கரண்டைத் தண்ணீர் சூடாக்கும் காயிலுக்குத் திருப்பிவிட்டு 50 ஹெர்ட்ஸில் நிறுத்தும்.

சேர்ந்த பிறகு இதே கன்ட்ரோலர்தான் வம்பு பண்ணும். தனியாக ஓடும்போது அது 50.0ஐ விடாப்பிடியாகப் பிடித்திருக்கும். சேர்ந்த பிறகு பேட்டரி இன்வெர்ட்டர்களும் தங்கள் எண்ணைப் பிடித்தால் ஒன்று ஏற்ற, மற்றது இறக்க, பல்பெல்லாம் கண் சிமிட்டும். ஆகவே கன்ட்ரோலருக்கு இரண்டு செட்டிங் வேண்டும். கம்பி திறந்திருக்கும்போது 50.0. மூடியதும், இணைப்பு சுவிட்சிலிருந்து வரும் ஒரு துணைக் கான்டாக்ட் அதை இரண்டாவது செட்டிங்குக்கு மாற்ற வேண்டும். அந்த எண்ணைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு ஓடும் கிரிட்டைச் சேர்ப்பதற்கு, இரு பக்கத்து மின் அலையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சிங்க்-செக் ரிலே வாங்குங்கள். மின்னழுத்த வித்தியாசம் 5 சதவீதத்துக்குள், அதிர்வெண் வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸுக்குள், கோணம் 10 டிகிரிக்குள் இருந்தால்தான் மூட விடும். ஆனாலும் முதல் தடவை நான் பல்பை நம்பித்தான் மூடுவேன். சுவிட்சின் இரு பக்கத்துக்கும் நடுவே, ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று இடத்தில் பல்பு கட்டுங்கள். எல்.ஈ.டி. வேண்டாம், பழைய இழை பல்பு. இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் நொடியில் 460 வோல்ட் வரும் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பல்பைத் தொடராகப் போட வேண்டும். மூன்று இடமும் ஒன்றாகப் பிரகாசமாகி, ஒன்றாக மங்கும். அதிர்வெண் நெருங்க நெருங்க அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகும். மூன்றும் அணைந்து, அந்த இருட்டு நாலைந்து விநாடி நிற்கும் அளவுக்கு வந்ததும் நடு இருட்டில் மூடுங்கள். ஒன்றாக மங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்தால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது. கையை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் இரண்டு கம்பியை மாற்றிய பிறகுதான் அடுத்த முயற்சி.

அதிர்வெண்ணே தந்தி

ஆப்பில் கலர் கலராகப் படம் காட்டி, எல்லாம் இன்டர்நெட்டில் நடக்கும் என்று விற்க வருபவர்கள் உண்டு. மழை நாளில் கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் செல் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும் மலை இது. ஒருங்கிணைப்பு மிக அவசியமான நேரத்தில் போன் வேலை செய்யாது. ஆனால் கம்பி மூடியிருக்கும்வரை மூன்று இடத்திலும் அதிர்வெண் ஒன்றுதான். அதையே சேதி சொல்லப் பயன்படுத்தலாம். சிக்னலும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்.

இன்வெர்ட்டர் தரும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் அதிர்வெண் 0.05 ஹெர்ட்ஸ் இறங்கட்டும் என்று இரண்டு பேட்டரி இன்வெர்ட்டரிலும் வையுங்கள். தொடங்கும் எண்ணை மட்டும் பேட்டரி நிறைவைப் பொறுத்து நகர்த்துங்கள். குடியிருப்பு பேட்டரி 90 சதவீதம் நிறைந்திருக்கிறது, தொடக்கம் 50.1. விடுதி 50 சதவீதம், தொடக்கம் 50.0. இரண்டும் சேர்ந்து 4 கிலோவாட் தர வேண்டிய நேரத்தில் குடியிருப்பு 3, விடுதி 1 என்று தானாகப் பிரியும். சரிபார்க்கலாம்: 50.1இலிருந்து 0.15 கழித்தாலும் 49.95, 50.0இலிருந்து 0.05 கழித்தாலும் 49.95. யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை, நிறைந்தவர் அதிகம் கொடுத்துவிட்டார்.

இனி வரிசை. கொடுத்தால் இறங்கும் அதிர்வெண், பேட்டரி வாங்கும்போது ஏறும். மத்தியானம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது எங்களிடம் அது 50.35 வரை போகும். அதனால் 50.4இல் எஸ்டேட்டின் வெந்நீர்க் காயில் எடுக்கத் தொடங்கும். மேலே சொன்ன இரண்டாவது செட்டிங் இதுதான். அப்படியும் மிஞ்சினால் 50.6க்கு மேல் சோலார் இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைக்கும். வெயிலை வீணாக்குவதைவிட விடுதிப் பிள்ளைகள் குளிக்க வெந்நீர் இருப்பது நல்லது, இந்த மலைக்குளிரில் அது ஆடம்பரமில்லை. காயில் எஸ்டேட்டில் இருந்தாலும் அதே எண்ணில் விடுதியில் ஒரு ஹீட்டரையும் வைக்கலாம், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பற்றாக்குறைப் பக்கம் 49.6இல் தண்ணீர் மோட்டார்கள் விழும், 49.4இல் மிக்ஸி, கிரைண்டர் சாக்கெட்டுகள். விளக்கும் விடுதியின் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜும் கடைசிவரை நிற்கும். நாட்டுக் கிரிட்டுக்கு 49.90 முதல் 50.05 என்று இறுக்கமான வரம்பு இருக்கிறது. தனியாக ஓடும் குட்டி கிரிட்டுக்கு இந்த அளவு ஊசலால் மோட்டாருக்கோ டிவிக்கோ ஒன்றும் ஆகாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. பேட்டரி சொல்லும் சதவீதம் பொய்யாக இருந்தால் முழுக் கணக்கும் பொய். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் நிறைவு 30க்கும் 80க்கும் நடுவே வோல்ட் ஏறக்குறைய அசையாது, ஆகவே பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) ஆம்பியரை எண்ணித்தான் ஊகிக்கிறது. பல நாள் முழுச் சார்ஜ் பார்க்காத பேட்டரி 60 என்று காட்டிவிட்டு 35இல் நிற்கும். டியூபுலர் பேட்டரிக்கோ முழுச் சார்ஜ் இல்லாவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவே குறையும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு, புதன்கிழமை குடியிருப்புக்கு என்று முறை வைத்து, அன்று மற்றவர்கள் கை கொடுத்து அந்தப் பேட்டரியை விளிம்புவரை நிரப்புகிறோம். மேல் பழனியில், மன்னவனூர் மாதிரி பனி உறையும் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள்.

பேச்சுவார்த்தை

காப்பி அறுவடை கார்த்திகை, மார்கழி. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட வேண்டும், மறுநாள் வைத்தால் புளிப்பேறிவிடும். பறிக்கப் போனவர்கள் மூட்டையோடு வந்து எடை போட்டு முடிக்க நாலரை, ஐந்து மணி. பல்ப்பர் ஓட ஆரம்பிக்கும்போது குடியிருப்பில் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும், விடுதியில் படிப்பு நேரம். எங்கள் முதல் கூட்டத்தில், “பழம் காத்திருக்காதுப்பா” என்றார் எஸ்டேட் ரைட்டர். “பரீட்சையும் காத்திருக்காதுண்ணே” என்றார் விடுதி வார்டன். இரண்டும் உண்மை. எந்த சாஃப்ட்வேரும் இதைத் தீர்க்காது, ஆட்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசி வந்த முடிவு இது. விடுதியின் மாவு அரைப்பு காலை பதினொன்றுக்கு. குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் பன்னிரண்டிலிருந்து இரண்டு. பல்ப்பர் ஐந்திலிருந்து ஏழரை, அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மதியமே சொல்லிவிட வேண்டும். பல்ப்பர் மோட்டாருக்கு, அதை மெல்ல வேகமேற்றும் விஎஃப்டி கட்டாயம். நேரடியாகத் தட்டினால் ஓடும் கரண்டைப் போல ஆறு மடங்கு ஒரு நொடி இழுக்கும், எந்தக் குட்டி இன்வெர்ட்டரும் அதில் மண்டியிடும். பல்ப்பருக்கும் அதே ஓடைத் தண்ணீர்தான் என்பதையும் கவனியுங்கள். டர்பைன் குழாய்க்கு மேலே பிரித்தால் பல்ப்பர் ஓடும் நேரத்திலேயே டர்பைன் இளைக்கும். டர்பைனிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்துப் பயன்படுத்துங்கள்.

கணக்குக்கு, கம்பியின் இரு முனையிலும் இருவழி மீட்டர் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வழி இழப்பு, அதை வாங்குபவரும் கொடுப்பவரும் பாதிப் பாதி ஏற்கிறார்கள். பணம் புழங்குவதில்லை, யூனிட்டாகவே கைமாத்து. மத்தியான யூனிட் ஒன்றரை கொடுத்தால் சாயங்கால யூனிட் ஒன்று. பேட்டரிக்குள் போய் வருவதிலேயே லித்தியத்தில் பத்தில் ஒரு பங்கும், டியூபுலரில் கால் பங்கு வரையிலும் போய்விடும், தேய்மானம் வேறு. மழைக்காலத்தில் எஸ்டேட் கொடுக்கும், கோடையில் குடியிருப்பு திருப்பும். வைகாசி முடிவில் நோட்டை மூடிப் புதுக் கணக்கு.

கம்ப்யூட்டருக்கு உள்ள வேலை

மேலே சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும். அது ஓடிய பிறகு, நாளைய திட்டத்துக்கு மட்டும் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்) வையுங்கள். ஒவ்வொரு இடமும் தன் வீட்டு விவரம் எல்லாவற்றையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. அடுத்த 24 மணி நேரத்தில் மணிக்கு இவ்வளவு தர முடியும், இவ்வளவு தேவை என்ற இரண்டு வரிசை எண்கள் போதும். நடு இடம் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, கம்பிக்கு நாங்கள் வைத்த 3 கிலோவாட் வரம்புக்குள் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாத மணிகளைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். பிறகு அது செய்வதெல்லாம் பேட்டரிகளின் தொடக்க அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏற்றுவதும் இறக்குவதும்தான்.

தகவல் போக லோரா ரேடியோ (கொஞ்சம் மின்சாரத்தில் வெகுதூரம் சின்னச் சின்ன சேதி அனுப்பும் ரேடியோ) போதும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் உரிமம் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு எண் அனுப்ப அது தாராளம். ஐந்து நிமிடம் சத்தமே வரவில்லை என்றால் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இதை நிறுவும் அன்றைக்கே ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரை நான் மெச்சுவது ஒரு விஷயத்தில். மழை வலுத்தால் ஓடை பெருகும், டர்பைன் முழு அளவில் இருக்க வேண்டும். ஆனால் டர்பைனின் கிலோவாட் எண் 3.1, 2.6, 1.9 என்று இறங்கிக்கொண்டே வரும். சில்வர் ஓக் இலை மடையின் சல்லடையில் ஒட்டி, மேலே மேலே படிந்து, கம்பளி மாதிரி ஆகிவிட்டிருக்கும். மழை மானியும் டர்பைன் அளவும் எதிரெதிர்த் திசையில் போனால் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அடித்ததும் வாட்ச்மேன் கொக்கியோடு போய் இலையை வாரிவிட்டு வருவார், கால் மணி நேரத்தில் 3 கிலோவாட் திரும்பிவிடும். சல்லடையைச் சாய்வாக வைத்தால் பாதி இலை தானாக வழுக்கிப் போகும்.

புயல் நாளுக்குத் தனி விதி. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல் வழியாக வந்து இந்த மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கடலோரத்துச் செய்திதானே என்று இருக்கக் கூடாது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்னவுடன் பேட்டரிகளின் அடிமட்டக் கையிருப்பை 30இலிருந்து 60 சதவீதத்துக்கு உயர்த்துங்கள், வெந்நீரை நிறுத்துங்கள். காற்று வலுக்கும் முன்பே இணைப்பு சுவிட்சைத் திறந்து மூன்றையும் தனித்தனியாக்கிவிடுவது உத்தமம். கம்பி அறுந்து விழும்போது அதில் கரண்ட் இருக்கக் கூடாது.

உயிர் போகாமல் இருக்க

இன்வெர்ட்டர் ஷார்ட் சர்க்யூட்டில் தன் அளவைவிட ஒன்றரை, இரண்டு மடங்குதான் தரும். ஈபி டிரான்ஸ்பார்மர் போலக் கொட்டாது. கடையில் கேட்காமல் கொடுக்கும் சி டைப் எம்சிபி உடனே விழ 5 முதல் 10 மடங்கு வேண்டும், ஆகவே கம்பி உரசிப் பொறி பறந்தாலும் அது பார்த்துக்கொண்டிருக்கும். 3 முதல் 5 மடங்கில் விழும் பி டைப்பை, இன்வெர்ட்டர் அளவுக்குப் பொருத்தமாகச் சின்னதாகத் தேர்ந்து போடுங்கள். அதோடு வோல்ட் இறங்கினால் திறக்கும் ரிலேயும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும். எர்த் ஒவ்வொரு இடத்திலும் தனியாக வேண்டும், பாறை மண்ணில் ஒரு குழி போதாது. சித்திரையில் அளந்து பாருங்கள், மழையில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். இடி அரெஸ்டர் கம்பியின் இரு முனையிலும்.

மின்சாரச் சட்டம் 2003-இன் 14ஆம் பிரிவு, மாநில அரசு அறிவித்த கிராமப் பகுதிகளில் உரிமம் இல்லாமல் உற்பத்தி செய்து விநியோகிக்க இடம் தருகிறது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதையும், மின் ஆய்வாளர் அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்பதையும் கம்பம் நடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒரு இடத்துக்கு ஈபி சப்ளை இருந்தால் அதை இந்த வலையோடு நேராகச் சேர்க்காதீர்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்து, ஒன்று அல்லது மற்றொன்று. ஈபி கம்பத்தில் கரண்ட் இல்லை என்று நம்பி ஏறிய லைன்மேனுக்கு நம் பேட்டரி பின்பக்கமாக 415 வோல்ட் அனுப்பிவிடும்.

நம் கம்பியில் வேலை பார்க்கும்போதும் இதே கதைதான், இங்கே மூன்று பக்கத்திலிருந்து கரண்ட் வரும். இரு முனை சுவிட்சையும் திறந்து, பூட்டு போட்டு, டெஸ்டரால் ஒவ்வொரு ஃபேஸையும் பார்த்து, கம்பிகளை எர்த்தோடு கட்டிய பிறகே கம்பத்தில் ஏணி சாய வேண்டும். இரண்டு பூட்டின் சாவியும் ஏறுகிறவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கீழே நிற்பவரிடம் இல்லை.